சின்ன தீ பிடிச்சா என்ன பண்ணணும்: ஏரியா வாலன்டியர்களுக்கு ஒரு முழு கைடு

வாலன்டியரா பேர் குடுத்த உடனே எல்லாரும் கேக்கறது எக்ஸ்டிங்விஷர எப்படி அடிக்கறதுன்னுதான். அத கத்துக்க பத்து நிமிஷம் போதும். இந்த தீய நாம தொடலாமா, இல்ல கதவ சாத்திட்டு ஆளுங்கள கூட்டிட்டு வெளிய ஓடணுமான்னு நாலஞ்சு செகண்டுல முடிவு பண்றதுதான் கஷ்டம், அதனால இந்த கைடுல பெரும்பகுதி அந்த முடிவ பத்திதான் இருக்கும், பொறுமையா படிங்க.

சின்ன தீன்னா எவ்வளவு சின்னது? ஒரு குப்பைக்கூடை சைஸ். கூடைக்குள்ள எரியுது, பக்கத்துல எதுவும் பிடிக்கல, தீ உங்க இடுப்புக்கு கீழதான் நிக்குது, ரூம்ல புகை தலைக்கு மேல சேர ஆரம்பிக்கல. இதுக்கு மேல போனா அது தீயணைப்பு வீரர்களோட வேலை. அவங்க கிட்ட மூச்சு விட சிலிண்டர் இருக்கு, ஹோஸ் இருக்கு, தீ தாங்குற டிரஸ் இருக்கு, நம்ம கிட்ட ஒரு டீ ஷர்ட்டும் தைரியமும்தான்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை

சூடு, எரியற பொருள், ஆக்சிஜன், இது மூணும் சேர்ந்து அந்த ரியாக்‌ஷன் அறுபடாம ஓடிட்டே இருந்தாதான் தீ. ஸ்கூல்ல படிச்ச விஷயம்தான், ஆனா ஸ்பாட்ல நிக்கும்போது இதுல எத உருவ முடியும்னு யோசிக்கறதுதான் மொத்த தீயணைப்பும். தண்ணி ஊத்துனா சூட்ட எடுக்கறோம். மூடி போட்டா ஆக்சிஜன தடுக்கறோம். கேஸ் வால்வ மூடுனா எரியற பொருளையே நிறுத்தறோம். ட்ரை பவுடர் பெரும்பாலும் அந்த ரியாக்‌ஷன அறுக்குது, அதனாலதான் பவுடர் அடிச்ச உடனே தீ படக்குனு அடங்குற மாதிரி தெரியும், ஆனா சூடு அப்படியே உள்ள இருக்கும், மெத்தை, பஞ்சு, பேப்பர் கட்டு மாதிரி ஐட்டம்லாம் பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப எந்திரிக்கும். இத மனசுல வெச்சுக்கோங்க, கீழ திரும்ப வருவோம்.

எது எரியுது?

எக்ஸ்டிங்விஷர தூக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இது. மரம், துணி, பேப்பர் இதெல்லாம் ஏ கிளாஸ், தண்ணியே போதும். பெட்ரோல், டீசல், பெயின்ட், தின்னர் எல்லாம் பி கிளாஸ், இதுக்கு தண்ணிய பீச்சுனா எரியற திரவம் தண்ணிமேல மிதந்துட்டே பரவும், ஃபோம் இல்லன்னா பவுடர்தான். மெக்னீசியம் மாதிரி எரியற உலோகம் டி கிளாஸ், அதுக்கு தனி பவுடர் வேணும், தண்ணி பட்டா ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் மோசமாகும், ஒரு ஒர்க்‌ஷாப்ல கண்ண கூசுற வெள்ளை வெளிச்சத்தோட எரியுதுன்னா வெளிய வந்துடுங்க.

இப்ப குழப்பம் வர்ற இடம். ஐரோப்பிய முறைல சி கிளாஸ்னா கேஸ், சமையல் எண்ணெய் எஃப் கிளாஸ், கரண்ட்டுக்குன்னு தனி எழுத்தே கிடையாது. அமெரிக்க முறைல சி கிளாஸ்னா கரண்ட், சமையல் எண்ணெய் கே கிளாஸ். ரெண்டு வகை லேபிளும் புழக்கத்துல இருக்கறதால எழுத்த மட்டும் நம்பாதீங்க, அதோட போட்டிருக்கற படத்த பாருங்க, எரியற கூடை, பெட்ரோல் கேன், பிளக், எண்ணெய் சட்டின்னு தெளிவா இருக்கும்.

உங்க ஏரியால எங்கெங்க எந்த எக்ஸ்டிங்விஷர் மாட்டியிருக்குன்னு ஒரு ரவுண்டு போய் பாத்துடுங்க. அதிகமா பாக்கறது ஏபிசி ட்ரை பவுடர்தான், கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் ஆகும், ஆனா சின்ன ரூம்ல அடிச்சா ஒண்ணுமே கண்ணுக்கு தெரியாது, மூச்சு முட்டும், எலக்ட்ரானிக் சாமான் மேல பட்டா அரிச்சுடும். கார்பன் டை ஆக்சைடு கரண்ட் சாமானுக்கு நல்லது, படிவு எதுவும் விடாது, ஆனா காத்து அடிக்கற இடத்துல பிரயோஜனமில்ல, கிட்ட போய்தான் அடிக்கணும், அடைச்ச சின்ன ரூம்ல அடிச்சா ஆக்சிஜன் குறைஞ்சு நமக்கே மயக்கம் வரும். அதோட முனைல புனல் மாதிரி இருக்கற கறுப்பு ஹார்ன வெறுங்கையால பிடிக்காதீங்க, உள்ள இருந்து வர்றது மைனஸ் 78 டிகிரி வரைக்கும் போகும், கை தோல் ஹார்னோட ஒட்டிக்கும். தண்ணி, ஃபோம் ரெண்டும் கரண்ட் ஓடற எதுமேலயும் வேண்டாம். சமையல் எண்ணெய் தீக்குன்னே வெட் கெமிக்கல்னு ஒண்ணு இருக்கு, அது எண்ணெயோட சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலம் ஆகி மூடிடும், பெரிய கிச்சன் இருக்கற இடத்துல இருக்கணும்.

மாசத்துக்கு ஒரு தடவை செக் பண்ண ரெண்டு நிமிஷம் போதும். அழுத்தம் காட்டற கேஜோட முள்ளு பச்சைல இருக்கா, பின்னும் சீலும் அப்படியே இருக்கா, ஹோஸ்ல வெடிப்பு இருக்கா, நாசில்ல பூச்சி கூடு கட்டியிருக்கா (சிரிக்காதீங்க, நெசமாவே கட்டும்), முன்னாடி அட்டப்பெட்டி எதுவும் அடுக்கி வெச்சிருக்காங்களா. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு பொதுவா கேஜ் இருக்காது, எடை போட்டுதான் தெரிஞ்சுக்க முடியும், அத சர்வீஸ் ஆளு பாக்கட்டும்.

தீய பாத்த முதல் நிமிஷம்

வரிசை முக்கியம். கத்துங்க, "தீ, தீ, எல்லாரும் வெளிய வாங்க"ன்னு தொண்டை கிழிய கத்துங்க, அலாரம் பட்டன் இருந்தா அழுத்துங்க. கூட இருக்கறவர்ல ஒருத்தர கைய காட்டி, "நீங்க ஃபயர் சர்வீஸுக்கு கூப்பிடுங்க, கூப்பிட்டுட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க"ன்னு சொல்லுங்க, பொதுவா யாராவது கூப்பிடுங்கப்பான்னு சொன்னா எல்லாரும் வீடியோ எடுப்பாங்க, யாரும் கூப்பிட மாட்டாங்க. அணைச்சிடலாம் போலயே, எதுக்கு கூப்பிட்டுக்கிட்டுன்னு தோணும், அப்பவும் கூப்பிடுங்க, அவங்க வந்து பாத்துட்டு திரும்பி போனா யாருக்கும் நஷ்டமில்ல.

ஃபோன்ல முதல்ல இடம் சொல்லுங்க, பக்கத்துல அடையாளத்தோட. அப்புறம் எது எரியுது, எத்தனாவது மாடி, உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா, கேஸ் சிலிண்டர் கெமிக்கல் ஏதாவது இருக்கா. அவங்க வைக்கற வரைக்கும் நீங்க கட் பண்ணாதீங்க. இன்னொருத்தர் தெரு முனைக்கு போய் நிக்கணும், வண்டிக்கு வழி காட்ட, குறுக்க நிக்கற பைக்கு காரையெல்லாம் எடுக்க வைக்க. நிறைய இடத்துல நேரம் போறதே இந்த கடைசி நூறு மீட்டர்லதான்.

போகலாமா வேண்டாமா

1985ல லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறை பொதுமக்களுக்கு பேரிடர் பயிற்சி குடுக்க ஆரம்பிச்சாங்க, 1993ல அமெரிக்க அரசோட பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா அத அமெரிக்கா முழுக்க கொண்டு போச்சு, அந்த பயிற்சிக்கு செர்ட்னு (CERT) பேரு. அதுல சொல்லித்தர்ற ஒரு ரூல் எனக்கு ரொம்ப பிடிக்கும்: அடிக்க ஆரம்பிச்சு 5 செகண்டுல தீ அடங்க ஆரம்பிக்கலன்னா விட்டுட்டு வெளிய வா. ஏன் இவ்வளவு கறாருன்னா, சின்ன 2 கிலோ எக்ஸ்டிங்விஷர்ல மொத்தமே பத்து செகண்ட் சுமார்தான் பவுடர் வரும், 6 கிலோவுல கூட 20 செகண்ட் தாண்டறது கஷ்டம். பாதி காலியாகியும் தீ அடங்கலன்னா மீதி பாதி நீங்க வெளிய வர்றதுக்குத்தான்.

அதனால உள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி இத உங்களையே கேட்டுக்கோங்க. எனக்கு பின்னாடி வெளிய போற வழி இருக்கா, தீ அந்த வழிய மறிக்க வாய்ப்பிருக்கா? முடிஞ்சா ரெண்டு வழி இருக்கணும். என் கைல இருக்கறது இந்த தீக்கு சரியானதா, போதுமானதா? கூட ஆள் இருக்காரா? ரூம்ல புகை எவ்வளவு கீழ இறங்கியிருக்கு? ஏதாவது ஒண்ணுக்கு பதில் உங்களுக்கு சாதகமா வரலன்னா கூட உள்ள போக வேணாம், கதவ சாத்துங்க, நகருங்க. தனியா மட்டும் போகவே போகாதீங்க, ஒருத்தர் அடிக்கணும், இன்னொருத்தர் ஒரு கை தூரத்துல பின்னாடி நின்னு சுத்தி முத்தி பாக்கணும், முன்னாடி இருக்கறவருக்கு தீ மட்டும்தான் கண்ணுல தெரியும், மேல சீலிங்ல என்ன நடக்குதுன்னு அவர் பாக்கவே மாட்டாரு. பின்னாடி இருக்கறவர் "வாங்க வெளிய"ன்னா கேள்வி கேக்காம வரணும், இத முன்கூட்டியே பேசி வெச்சுக்கோங்க.

மூடியிருக்கற கதவுக்கு பின்னாடி தீன்னா கதவ புறங்கையால தொட்டு பாருங்க, கீழ இருந்து மேல வரைக்கும். சூடா இருந்தா திறக்காதீங்க. உள்ள ஆக்சிஜன் இல்லாம அடங்கி கிடக்கற தீக்கு கதவ திறந்து காத்து குடுத்தா அது உங்க முகத்துலதான் வரும்.

இந்த கதவு விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். சோபா, மெத்தை, கர்ட்டன்னு இப்ப எல்லாம் ஃபோமும் சிந்தெடிக்கும்தான், இந்த மாதிரி ஒரு ரூம்ல தீ பிடிச்சா நாலஞ்சு நிமிஷத்துக்குள்ளயே மொத்த ரூமும் ஒரே நேரத்துல பத்திக்கற நிலைமை வந்துடலாம், ஃபிளாஷ்ஓவர்னு சொல்றது அதத்தான், சீலிங் பக்கம் 500, 600 டிகிரி தொட்டா அது நடக்கும், அதுக்குள்ள இருந்தா தீயணைப்பு வீரருக்கே பிழைக்கறது கஷ்டம். ஆனா தீ இருக்கற ரூமோட கதவ சும்மா சாத்துனாலே காத்தும் குறையும், புகையும் அந்தப்பக்கம் நிக்கும். சாத்துன கதவுக்கு இந்தப்பக்கம் ஆள் தாங்கற சூடு, அந்தப்பக்கம் பல நூறு டிகிரின்னு டெஸ்ட்ல திரும்ப திரும்ப காட்டியிருக்காங்க. எக்ஸ்டிங்விஷரே இல்லாத வாலன்டியர் கூட கதவ சாத்திட்டு வந்தா பெரிய வேலை பண்ணிட்டாருன்னுதான் நான் சொல்லுவேன்.

அடிக்கிற முறை

முதல்ல பின்ன உருவணும். இங்கதான் பாதி பேர் மாட்டிக்கறாங்க. பதட்டத்துல மேல இருக்கற ரெண்டு லீவரையும் சேர்த்து இறுக்கி பிடிச்சுட்டு பின்ன இழுப்பாங்க, லீவர் அழுத்தத்துல பின் நடுவுல சிக்கிக்கிட்டு அசையவே அசையாது, எக்ஸ்டிங்விஷர் ரிப்பேர்னு நினைச்சு கீழ போட்டுட்டு ஓடிடுவாங்க. சிலிண்டர தரைல வெச்சு, கழுத்த ஒரு கையால பிடிச்சு, லீவர தொடாம இன்னொரு கையால பின்ன ஒரு திருகு திருகி இழுங்க, பிளாஸ்டிக் சீல் டக்குனு அறுந்து வந்துடும்.

தீ கிட்ட போறதுக்கு முன்னாடியே ஒரு செகண்ட் அழுத்தி டெஸ்ட் பண்ணுங்க, வேலை செய்யுதான்னு வாசல்லயே தெரிஞ்சுக்கறது நல்லது. அப்புறம் ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நின்னு, வெளிலன்னா காத்து உங்க முதுகுல படற மாதிரி நின்னு, நாசில தீயோட அடிப்பகுதிக்கு, அதாவது பொருள் எரியற இடத்துக்கு குறி வெச்சு, லீவர அழுத்தி, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் பெருக்கற மாதிரி ஆட்டிட்டே போங்க. மேல ஆடற சுவாலைய பாத்து அடிச்சா பவுடர் எல்லாம் காத்துலயே போயிடும். அடங்க அடங்க கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி போகலாம். ரொம்ப கிட்ட நின்னு எடுத்த எடுப்புல அடிச்சா வர்ற வேகத்துல எரியற பெட்ரோலையோ எண்ணெயையோ சிதறடிச்சுடுவீங்க.

அணைஞ்சதுக்கப்புறம் முதுக காட்டி திரும்பாதீங்க. தீய பாத்துக்கிட்டே பின்னாடி நடந்து வாங்க.

தனித்தனியா சில தீக்கள்

எண்ணெய் சட்டி. முதல்ல அடுப்ப ஆஃப் பண்ணுங்க, கை போகலன்னா விடுங்க, கேஸ பின்னாடி வால்வுல மூடிக்கலாம். உலோக மூடிய உங்க பக்கத்துல இருந்து அந்தப்பக்கமா சரிச்சு தள்ளி மூடுங்க, இல்ல ஃபயர் பிளாங்கெட்ட (தீய மூடறதுக்குன்னே இருக்கற போர்வை), மேல் ஓரத்த கைமேல சுருட்டி மறைச்சுட்டு, அதே மாதிரி போடுங்க. அப்படியே விட்டுடுங்க, அரை மணி நேரத்துக்கு எட்டி பாக்கற வேலை வேண்டாம், சூடு இறங்காத எண்ணெய்க்கு காத்து பட்டா தானாவே திரும்ப பத்திக்கும். தண்ணி ஏன் கூடாதுன்னா, அது எண்ணெய்க்கு அடில போய் ஒரே நொடில ஆவியாகும், தண்ணி ஆவியாகும்போது 1700 மடங்கு விரியும், அந்த வேகத்துல எரியற எண்ணெய் மொத்தமும் சீலிங் வரைக்கும் எழும்பும். சட்டிய தூக்கிட்டு வெளிய ஓடறதும் அதே அளவு ஆபத்துதான், கை கால்ல ஊத்திக்கறது இப்படித்தான்.

கரண்ட் தீல மெயின ஆஃப் பண்றதுதான் பாதி வேலை. மெயின் எங்க இருக்குன்னு உங்க பில்டிங்ல எல்லாருக்கும் தெரியுமா? கேட்டு பாருங்க, ஆச்சரியமா இருக்கும். ஆஃப் பண்ணிட்டா அது சாதாரண தீ, ஆஃப் பண்ண முடியலன்னா கார்பன் டை ஆக்சைடோ பவுடரோ மட்டும்தான், கம்பத்துல டிரான்ஸ்ஃபார்மர்ல எரிஞ்சா கிட்டயே போகாதீங்க, ஆளுங்கள தள்ளி நிக்க வைக்கறதுதான் உங்க வேலை.

கேஸ் வாசம் வந்து தீ இல்லன்னா எந்த சுவிட்சையும் தொடாதீங்க, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, காலிங் பெல்லும் சேர்த்துதான். ரெகுலேட்டர மூடுங்க, கதவு ஜன்னல் திறங்க, வெளிய போய் ஃபோன் பண்ணுங்க. எல்பிஜி காத்த விட கனமானது, தரையோரம் பள்ளத்துல தேங்கும், மேல ஜன்னல திறந்தா மட்டும் போகாது, கதவையும் திறக்கணும். பைப்ல வர்ற மீத்தேன் இதுக்கு நேர் எதிர், மேல போகும். கேஸ் கசிஞ்சு எரிஞ்சுட்டு இருந்தா தீய அணைக்க அவசரப்படாதீங்க, வால்வ மூடுங்க, அதுவே அணையும். வால்வ மூட முடியாம தீய மட்டும் அணைச்சா கேஸ் வெளிய வந்துட்டே இருக்கும், அது ரூம் முழுக்க சேர்ந்து ஒரு பொறி பட்டா வெடிக்கும், அது முன்ன எரிஞ்சத விட பல மடங்கு மோசம். சிலிண்டரே தீக்குள்ள நிக்குதுன்னா எல்லாரையும் தூரமா, ஒரு சுவருக்கு அந்தப்பக்கமா கூட்டிட்டு போங்க.

லித்தியம் பேட்டரி இப்ப பெரிய தலைவலி. ஸ்கூட்டர், சைக்கிள், பவர் பேங்க்னு எல்லாத்துலயும் இருக்கு. உப்பி போயிருந்தா, உஸ்ஸுனு சத்தம் வந்தா, வெள்ளையா புகை கிளம்புனா உடனே விலகுங்க, அந்த புகைல விஷ வாயு இருக்கு, அதுவே பத்திக்கவும் செய்யும். உள்ள இருக்கற செல் ஒண்ணு சூடாகி பக்கத்து செல்ல சூடாக்கி தொடரா போறதால பவுடர் அடிச்சு மேல அணைச்சாலும் உள்ள நிக்காது, நிறைய தண்ணி ஊத்தி குளிர வைக்கறதுதான் வழி, அதுவும் ஃபோன் மாதிரி சின்னதுக்கு தள்ளி நின்னு ஊத்தலாம், சார்ஜர்ல மாட்டியிருந்தா முதல்ல மெயின் ஆஃப் ஆகியிருக்கணும். வண்டி பேட்டரின்னா ஃபயர் சர்வீஸ் வரட்டும், அணைஞ்சு பல மணி நேரம் கழிச்சும் திரும்ப பத்தும்னு அவங்களுக்கு தெரியும். வெளிய போற வழில, படிக்கட்டுக்கு அடில வண்டிய சார்ஜ் போட விடாதீங்க, தீ பிடிச்சா மொத்த பில்டிங்கும் உள்ள மாட்டிக்கும்.

ஒருத்தர் உடம்புல தீ பிடிச்சா அவர் ஓடுவாரு, ஓடுனா காத்து பட்டு அதிகமாகும். நிறுத்துங்க, படுக்க வைங்க, முகத்த கையால மூட சொல்லி உருட்டுங்க, கனமான காட்டன் போர்வை இருந்தா கழுத்துல இருந்து கீழ்நோக்கி மூடுங்க. தீ அணைஞ்ச உடனே ஓடற குழாய் தண்ணில 20 நிமிஷம் காட்டுங்க, சாதாரண தண்ணி, ஐஸ் வேண்டாம், பேஸ்ட், இங்க், எண்ணெய் எதுவும் தடவாதீங்க. மோதிரம், வளையல், வாட்ச வீக்கம் வர்றதுக்குள்ள கழட்டுங்க. தோலோட ஒட்டியிருக்கற துணிய பிய்க்காதீங்க, சுத்தமான துணி ஒண்ண லேசா மேல போட்டு ஆஸ்பத்திரிக்கு.

புகை

தீ சம்பவங்கள்ல சாகறவங்கள்ல பெரும்பாலானவங்க சாகறது புகையாலதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசமும் இல்ல, எரியற ஃபோம்ல இருந்து ஹைட்ரஜன் சயனைடும் வரும், ஈரத்துணிய மூக்குல கட்டுனா கரி கொஞ்சம் நிக்கும், இந்த ரெண்டும் நிக்காது. அதனால ஈரத்துணி கட்டிட்டு உள்ள போய் தேடறேன்னு யாராவது கிளம்புனா பிடிச்சு நிறுத்துங்க. நீங்க புகைல மாட்டிக்கிட்டா முட்டி போட்டு தரையோரமா வாங்க, கீழதான் காத்து கொஞ்சம் தெளிவா இருக்கும், சுவர ஒரு கையால தொட்டுட்டே வந்தா திசை தப்பாது. லிஃப்ட் வேண்டவே வேண்டாம். வெளிய வர வழியே இல்லன்னா ஒரு ரூம்ல புகுந்து கதவ சாத்தி, அடி இடுக்குல துணிய வெச்சு அடைச்சு, ஜன்னல்ல நின்னு சத்தம் குடுங்க, எந்த ரூம்னு ஃபோன்ல சொல்லுங்க.

வெளிய வந்தவங்க எல்லாரும் ஒரே இடத்துல கூடணும், அந்த இடம் முன்னாடியே முடிவாகி இருக்கணும். தலைய எண்ணுங்க. ஆள் குறைஞ்சா அத தீயணைப்பு வண்டி வந்த உடனே சொல்ல வேண்டிய முதல் தகவல்: யாரு, கடைசியா எங்க பாத்தது. பையன் உள்ள இருக்கான்னு அம்மா கதறும்போது அவங்கள பிடிச்சு நிறுத்தறதுதான் இந்த மொத்த வேலைலயும் ரொம்ப கஷ்டமானது, அதுக்குன்னே உடம்பு பலம் உள்ள ரெண்டு பேர கூடற இடத்துல நிறுத்தி வைங்க, இத ட்ரில்லுலயே சொல்லி பழக்குங்க.

அணைஞ்சதுக்கு அப்புறம்

அடங்கிடுச்சுன்னு கை தட்டிட்டு கிளம்பிடாதீங்க. மெத்தை, துணி மூட்டை, பேப்பர் கட்டுன்னா கம்பியாலயோ மண்வெட்டியாலயோ பிரிச்சு விட்டு உள்ள தண்ணி இறங்கற மாதிரி ஊத்துங்க, கரண்ட் ஆஃப் ஆயிருக்கான்னு பாத்துட்டு. ஒருத்தர் ரொம்ப நேரம் காவல் இருக்கணும். மூடுன ரூமுக்குள்ள போய் க்ளீன் பண்றது, சாமான் எடுக்கறதெல்லாம் ஃபயர் சர்வீஸ் சரின்னு சொன்னப்புறம். மூச்சு இழுப்பு, தலைவலி, குரல் கரகரப்பு இருக்கறவங்க, முகத்துல மூக்கு முடி கருகியிருக்கறவங்க, நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் டாக்டர பாத்தே ஆகணும், சுவாசக்குழாய் வீக்கம் சில மணி நேரம் கழிச்சு கூட வரும்.

அடிச்ச எக்ஸ்டிங்விஷர, ஒரே ஒரு செகண்ட் அழுத்துனதா இருந்தாலும் சரி, திரும்ப சுவர்ல மாட்டாதீங்க. பவுடர் துகள் வால்வு சீட்டுல உக்காந்துக்கும், அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு ரெண்டு மூணு நாள்ல முள்ளு சிவப்புக்கு வந்துடும், வெளிய இருந்து பாத்தா ஃபுல்லா இருக்கற மாதிரிதான் இருக்கும். படுக்க போட்டு, "காலி, ரீஃபில் பண்ணணும்"னு பெருசா எழுதி ஒட்டி, அன்னிக்கே சர்வீஸுக்கு அனுப்பிட்டு, அந்த கொக்கில வேற ஒண்ண மாட்டுங்க.